நனவின் வழியே கனவுக்குள்: தெளிகனவுப் பயிற்சி எழுத்துகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தாம் காண்பது கனவென்பதை உறங்குபவர் கனவுக்குள்ளேயே அறிந்திருக்கும் நிலை தெளிகனவு எனப்படும். விழிப்புணர்வு இடையில் அறுபடாமல் நேரே அந்நிலைக்குள் நுழையக் கற்பிக்கும் எழுத்துகளை, குறிப்பாக ஸ்டீபன் லபெர்ஜும் ஹோவர்டு ரைன்கோல்டும் 1990இல் வெளியிட்ட பயிற்சி நூலின் நான்காம் இயலை, இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. அவ்வியலின் வலிமை பொழுதைப் பற்றிய அதன் அறிவில் இருக்கிறது என்றும், திபெத்திய மரபிலிருந்து அது எடுத்தாளும் கண்டத் தாமரை தன் பயனிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளது என்றும் கட்டுரை வாதிடுகிறது. கண்டத்தைக் கனவின் இடமாகக் கூறும் சைவ சித்தாந்த அவத்தைக் கொள்கையைத் தெளிகனவுப் பயிற்சியாக வாசிக்கும் போக்கையும் மறுக்கிறது.

திறவுச் சொற்கள்: தெளிகனவு, நனவு, அவத்தை, கண்டம், துயில்முகக் காட்சி, கனவு யோகம்

தெளிதல் என்னும் வினை

கனவுக்கு ‘லூசிட்’ என்னும் அடையைச் சேர்த்து ஆங்கிலத்தில் நிலைபெறச் செய்தவர், நெதர்லாந்தின் மனநல மருத்துவரும் நாவலாசிரியருமான பிரெடரிக் வான் ஈடன். 1898 சனவரி 20 முதல் 1912 டிசம்பர் 26 வரை தமக்கு வாய்த்த இத்தகைய கனவுகள் 352 எனக் கணக்கிட்டு, 1913ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1909இல், இதே செய்திகளைக் ‘கனவுகளின் மணமகள்’ என்னும் பொருள்படும் நாவலொன்றில் புனைவாக எழுதிப் பார்த்திருந்தார். ஆய்வாளர்கள் முன் சொல்லத் தயங்கியதை நாவலின் மறைப்பில் சொன்னார் என்று கொள்ள இடமுண்டு.

தமிழில் இதற்குத் ‘தெளிகனவு’ என்னும் சொல் பொருந்துகிறது. ஆயினும், எந்தத் தெளிவு என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். இது காட்சியின் தெளிவன்று. மிகத் துலக்கமான கனவும் அறியாமையில் மூழ்கியதாக இருக்கக்கூடும். மங்கலான கனவிலும் ‘இது கனவு’ என்னும் அறிவு நிற்கக்கூடும். பித்தம் தெளிந்தது, மயக்கம் தெளிந்தது, போதை தெளிந்தது என்று வழங்குகிறோமே, அந்தத் தெளிதலே இங்குப் பொருள். தெளிகனவு என்பதை வினைத்தொகையாகக் கொண்டால், தெளிந்த, தெளிகின்ற, தெளியும் கனவு என முக்காலத்துக்கும் அது இடமளிக்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. கலங்கியதே தெளியும்; கலங்காததற்குத் தெளிவு என்றொரு நிகழ்ச்சி இல்லை. தெளிகனவுகளை ஆய்வாளர் இரு வகைப்படுத்துவர். கனவின் நடுவே ஏதோ ஒரு பொருந்தாமையைக் கண்டு, இது கனவு என்று உணர்வது ஒரு வகை. படுக்கையில் விழித்திருந்தவர், அவ்விழிப்பைக் கைவிடாமலே உடலை மட்டும் உறங்கவிட்டுக் கனவுக்குள் செல்வது மற்றொரு வகை. தெளிதல் என்னும் வினை முதல்வகைக்கு முழுவதும் பொருந்தும். இரண்டாம் வகையில் தெளிவதற்கு முன்னதான மயக்கமே இல்லை. எனவே அதனை ‘நனவுவழிக் கனவு’ எனத் தனியே பெயரிட்டு வழங்குவது நலம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. முன்னதில் கற்க வேண்டியது ஐயுறுதல். பின்னதில் கற்க வேண்டியது விடாதிருத்தல். இவ்விரண்டையும் ஒரே திறமையின் இரு படிகளாகக் காட்டுவது பயிற்சி எழுத்துகளின் பொதுக்குறை.

பொழுது

வான் ஈடன் தம் கனவுகளை வகைப்படுத்தியபோது, உறக்கத்தின் தொடக்கத்திலேயே நிகழும் ஒருவகைக் கனவைத் ‘தொடக்கக் கனவு’ எனத் தனியே வைத்தார். உடல் நலமாயிருந்து, மிகவும் களைத்திருக்கும்போது விழிப்பிலிருந்து நேரே அதனுள் செல்லலாம். உடல் மிதப்பது போன்ற உணர்வு உண்டாகும். பகல் வாழ்க்கையின் நினைவு முழுமையாக இருக்கும். ஆனால் தமக்கு அது அரைடசன் முறைக்கு மேல் வாய்க்கவில்லை என்கிறார். மாறாக, அவருடைய தெளிகனவுகள் விதிவிலக்கின்றிக் காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் நிகழ்ந்தன. இவ்விரு குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால், நனவுவழிக் கனவின் முதன்மையான உண்மை ஒன்று அங்கேயே கிடக்கிறது: முன்னிரவில் அரிது, விடியலில் எளிது. அவர் அதனை விளக்க முற்படவில்லை. விளக்குவதற்குரிய உறக்க ஆய்வு அப்போது பிறந்திருக்கவுமில்லை.

ரஷ்ய எழுத்தாளர் உஸ்பென்ஸ்கியும் அனுபவத்தால் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். உறங்கத் தொடங்கும்போது தம் கண்முன் பொன்துகள்கள் தோன்றி, வலையாக மாறி, அவ்வலை அணிவகுத்துச் செல்லும் உரோமப் படைவீரர்களின் தலைக்கவசங்களாக உருக்கொள்வதை அவர் தொடர்ந்து நோக்கியிருக்கிறார். 1931இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலில் இடம்பெறும் இப்பகுதி, துயில்முகக் காட்சிகள் கனவாகக் கனியும் முறையைக் காட்டும் மிகச் சிறந்த பதிவுகளுள் ஒன்று. இரவில் இப்பயிற்சி தம் உறக்கத்தைக் கெடுப்பதை உணர்ந்த அவர், காலையில் விழித்தபின் மீண்டும் கண்மூடி அரைத்துயிலில் ஆழும் வேளைக்கு அதனை மாற்றிக்கொண்டார்.

இன்று இதன் காரணம் தெரியும். கனவு செறிந்த விரைகண் அசைவு உறக்கம் இரவின் முற்பகுதியில் குறுகியும் பிற்பகுதியில் நீண்டும் வருகிறது. வழக்கமாக உறங்கப் போகும் வேளையில் ஒருவர் விழிப்பை இழுத்துப் பிடித்தாலும், அடுத்து வருவது கனவன்று, ஆழ்துயில். அதனைக் கடந்து விழிப்பைக் கொண்டுசெல்வது பெரும்பாலும் வீண்முயற்சி. நான்கைந்து மணிநேரம் உறங்கி எழுந்து, சற்று விழித்திருந்து மீண்டும் படுப்பவருக்கோ கனவின் வாயில் அருகிலேயே இருக்கிறது. லபெர்ஜ்-ரைன்கோல்டு நூலின் நான்காம் இயல் இதனைத் திட்டவட்டமாகக் கூறுகிறது: பின்னிரவும் விடியலும் பகல்துயிலுமே ஏற்ற வேளைகள். என் மதிப்பீட்டில் அவ்வியலின் மிகப் பயனுள்ள செய்தி இதுவே. ஆனால் நூலின் அமைப்பு இச்செய்தியை ஒரு குறிப்பாகச் சுருக்கிவிட்டு, பக்கங்களை உத்திகளுக்கு வழங்குகிறது. வாசகர் நினைவில் எஞ்சுவது உத்திகளின் பெயர்களே. முன்னிரவில் படுத்தவுடன் அவற்றைச் செய்து பார்த்து, உறக்கமும் கெட்டுக் கனவும் வாராமல் சலிப்பவர்களுக்கு நூல் ஓரளவு பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

இயலாத ஏவல்

நான்காம் இயல் தரும் உத்திகள் பல. துயில்முகக் காட்சிகளைத் தலையிடாமல் நோக்கியிருத்தல். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ‘நான் கனவு காண்கிறேன்’ எனச் சொல்லி எண்ணிக்கொண்டே உறங்குதல். உடலின் 61 புள்ளிகளில் கவனத்தை நிறுத்தித் தளர்த்துதல். படுத்திருக்கும் உடலிலிருந்து வேறோர் உடலாய்ப் பிரிதல், அல்லது உடலே இல்லாத ஒரு புள்ளியாய் மிதத்தல். கவனத்தைக் காட்சியில் வை, எண்ணில் வை, உடலில் வை, உடலின்மையில் வை என்று ஒன்றுக்கொன்று முரணான ஆணைகள் இவை. எதில் வைத்தாலும் பலிக்கும் எனில் வைக்கப்படும் பொருள் முக்கியமன்று. வைப்பின் அளவே முக்கியம். இழை மிகத் தடித்தால் உறக்கம் வாராது. மிக மெலிந்தால் அறுந்து, வழக்கமான உறக்கமே மிஞ்சும். நூலாசிரியர்கள் இதனை அறிந்தவர்கள்தாம். ஆயினும் செய்முறைப் பயிற்சி என்னும் வடிவம் அவர்களை ஏவல் வினைகளிலேயே பேச வைக்கிறது: படு, தளர்த்து, நோக்கு, நுழை. உறங்கு என்பது மட்டும் ஏவினால் நடவாத வினை. குழந்தையிடம் ‘தூங்கு’ என்று தாய் சொல்வதும் உண்மையில் ‘படுத்துக்கொள், கண்ணை மூடிக்கொள்’ என்பதுதான்.

திருக்குறளின் 122ஆம் அதிகாரமாகிய கனவுநிலை உரைத்தலை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். அதன் இரண்டாம் பாடலில் தலைவி ஒரு திட்டத்தோடு இருக்கிறாள். கனவில் தலைவனைக் கண்டால் தான் உயிர் தாங்கியிருக்கும் தன்மையை எடுத்துரைக்க வேண்டும். கனவுக்குள் செய்ய வேண்டிய செயலை நனவிலேயே முடிவுசெய்து வைத்திருக்கிறாள் என்ற அளவில், இது தெளிகனவுப் பயிற்சியாளரின் மனநிலைக்கு வெகு அருகில் நிற்கிறது. ஆனால் அத்திட்டம் அவளுடைய கண்கள் உறங்கினால்தான் நிறைவேறும். கண்களோ அவள் ஆணைக்கு உட்பட்டவை அல்ல; அவற்றை அவள் இரக்கிறாள். வள்ளுவர் தெளிகனவு கற்பித்தார் என்று சொல்வது அபத்தம். உறக்கத்தின் முன் மனிதர் நிற்கக்கூடிய நிலை இரத்தலே என்பதை அப்பாடலின் வினை சரியாகக் கண்டிருக்கிறது என்று சொல்வது அபத்தமன்று.

வாயிலில் நிகழும் அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். விரைகண் அசைவு உறக்கத்தில் உடற்தசைகள் செயலடங்கிவிடுகின்றன. நினைவு மாறாமல் அந்நிலைக்குள் செல்பவர் இவ்வடக்கத்தை நேரடியாக உணர நேரலாம்: மார்பில் பாரம், அசைய இயலாமை, காதில் இரைச்சல், அறையில் யாரோ நிற்பது போன்ற உணர்வு. நம் ஊர்களில் அமுக்குவான் பேய் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவே. இது இயல்பான உடல்நிகழ்ச்சி, அஞ்ச வேண்டாம் என்று நூல் தேற்றுகிறது. அது உண்மை. எனினும் தேற்றுதலைத் தாண்டி அது செல்வதில்லை. இடையறாது உறக்கத்தைக் குலைத்துக்கொள்வதன் விலை, நனவையும் கனவையும் பிரித்தறியவே இடர்ப்படுவோர்க்கு இப்பயிற்சி தகுமா என்னும் வினா ஆகியவற்றுக்கு அந்நூலில் போதிய இடமில்லை.

சான்று எதைக் காட்டியது?

உறக்கத்தில் தீர்ப்பு நிகழ முடியாது, ஆகவே ‘நான் உறங்குகிறேன்’ என்று உறக்கத்தில் அறிவது பொருளற்ற கூற்று என 1959இல் மெய்யியலாளர் நார்மன் மால்கம் வாதிட்டார். அவ்வாதத்துக்கு விடை ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. தசையடக்கத்துக்கு ஆட்படாதவை கண்ணை அசைக்கும் தசைகள். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்னின் ஆய்வில், ஆலன் வொர்ஸ்லி கனவுக்குள்ளிருந்து முன்பே பேசிக்கொண்டபடி கண்களை இடவலமாக அசைத்துக் குறி காட்டினார். ஸ்டான்ஃபோர்டில் லபெர்ஜ் தனியே இதனை நிறுவி, 1981இல் வெளியிட்டார். 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், தெளிகனவு காண்போர் சிலர் வெளியிலிருந்து கேட்கப்பட்ட எளிய கணக்குகளுக்கும் உறக்கத்திலிருந்தே விடை குறித்தனர்.

இச்சான்றுகள் நிறுவியது தெளிகனவு உண்டு என்பதை. அதனை வேண்டியபோது பெறலாம் என்பதையன்று. தூண்டல் முறைகளைப் பற்றிய 35 ஆய்வுகளை 2012இல் தொகுத்து ஆராய்ந்தவர்கள், எந்த முறையும் உறுதியாகவும் சீராகவும் பலனளிப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்றே முடிவுசெய்தனர். வாழ்நாளில் ஒருமுறையேனும் தெளிகனவு கண்டோர் ஏறத்தாழ 55 விழுக்காடு, மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்போர் 23 விழுக்காடு என்பது 2016இல் வெளியான தொகுப்பாய்வின் கணக்கு. 1990ஆம் ஆண்டு நூலின் நம்பிக்கைக் குரலை இவ்வெண்களோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தின் உறுதியை அந்நூல் பயிற்சியின் உறுதியாக மாற்றிக்கொள்கிறது. வாசகர் கவனியாத இடத்தில் இம்மாற்றம் நடந்துவிடுகிறது.

கண்டத் தாமரை

நான்காம் இயலின் உத்திகளுள் சில திபெத்தியப் பயிற்சிகளைத் தழுவியவை. கண்டத்தில் ஒரு தாமரையையும் அதனுள் ஒரு சுடரையும் பாவித்து, அச்சுடரோடு ஒன்றியபடியே கனவுக்குள் செல்லுமாறு ஒன்று கூறுகிறது. வெண்புள்ளி, கரும்புள்ளிப் பாவனைகளும் உண்டு. இவற்றை மூல மரபின் விளக்கத்தோடு ஒப்பிட, பொன் மரபைச் சேர்ந்த தென்சின் வாங்யால் ரின்போச்சே 1998இல் வெளியிட்ட கனவு யோக நூல் உதவுகிறது. அதில் இரவு நான்கு கூறாகப் பிரிக்கப்படுகிறது. படுக்கும்போது கண்டத்தில் ஓர் எழுத்து. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கழித்து எழுந்து புருவநடுவில் வெண்துளி. பின்னர் இதயத்தில் மற்றோர் எழுத்து. இறுதியில் உடலின் அடியில் கருந்துளி. சாமந்தோறும் எழுந்து பாவிக்கும் இம்முறை, விழித்து மீண்டும் உறங்குதல் என்று இன்றைய ஆய்வு பரிந்துரைப்பதைத் தன்போக்கில் உள்ளடக்கியிருக்கிறது. லபெர்ஜ்-ரைன்கோல்டு நூலிலோ நான்கு சாமங்களின் இந்த அடுக்கு கலைந்து, பாவனைகள் தனித்தனி உத்திகளாகச் சிதறிக் கிடக்கின்றன. பொழுதை நன்கறிந்த நூல், பொழுதோடு பின்னப்பட்ட ஒரு மரபிலிருந்து பொழுதை நீக்கி எடுத்தாண்டது வியப்புக்குரியது.

இதைவிடப் பெரிய இழப்பு பயனைப் பற்றியது. திபெத்திய மரபில் இரவுப் பயிற்சிக்கு முன் பகற்பயிற்சி உண்டு. விழித்திருக்கும்போது காண்பனவற்றையும் கனவெனக் கருதிப் பழக வேண்டும். கனவில் அறிவு நிற்பது, இறப்பின்போதும் அதன் பின்னரும் அறிவு நிற்பதற்கான ஒத்திகை. அங்கே கனவு வெல்லப்படும் நாடன்று. நனவின் மீதுள்ள பற்றைத் தளர்த்தும் கருவி. 1990ஆம் ஆண்டு நூல் கனவில் பறத்தல், சிக்கல் தீர்த்தல், கொடுங்கனவை எதிர்கொள்ளுதல் முதலிய பயன்களை விரித்துரைக்கிறது. கொடுங்கனவால் துன்புறுவோர்க்கு இது மெய்யாகவே உதவக்கூடும், அதை எள்ளுவதற்கில்லை. மரபின் இறுதிநோக்கத்தையும் நூல் தன் கடைசிப் பகுதியில் தொடாமலில்லை. ஆனால் சுடரைப் பாவிக்கக் கற்பிக்கும் இடத்தில் அந்நோக்கம் இல்லை. அங்கே தாமரை ஒரு சாவி மட்டுமே.

அவத்தைக் கொள்கை பயிற்சியா?

கண்டம் என்றவுடன் சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு அவத்தைக் கொள்கை நினைவுக்கு வரும். கீழாலவத்தையில் உயிர் சாக்கிரத்தில் புருவநடுவிலும், சொப்பனத்தில் கண்டத்திலும், சுழுத்தியில் இதயத்திலும், துரியத்தில் நாபியிலும், துரியாதீதத்தில் மூலாதாரத்திலும் நிற்கும். செயற்படும் கருவிகள் முறையே 35, 25, 3, 2, 1 எனக் குறையும். சாக்கிரத்திலிருந்து சொப்பனத்துக்கு இறங்கும்போது நீங்குபவை ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஆகிய பத்து. கனவைக் கண்டத்தில் வைப்பது பிரம உபநிடதத்திலும் உண்டு. எனவே திபெத்திய யோகமும் தமிழ்ச் சைவமும் இவ்விடத்தில் ஒரு பொதுவான பழைய வரைபடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதில் ஐயமில்லை.

வரைபடம் ஒன்றாயிருப்பதால் பயணமும் ஒன்றென்று முடிவுகட்டுவதே பிழை. துரியம் என்பது தெளிகனவே, திருமூலர் இதனை அன்றே கற்பித்தார் என்னும் பேச்சு இன்று எளிதாகக் காதில் விழுகிறது. கீழாலவத்தைத் துரியம் சுழுத்திக்கும் கீழே உள்ளது. பிராணனும் புருடனும் மட்டும் எஞ்ச, சித்தமும் அடங்கிய நிலை அது. மிகுந்த அறிவோடு கனவில் உலவுவதற்கு நேர் எதிரானது. மேலாலவத்தையிலும் துரியம் உண்டு. அது அருளால் மலம் நீங்குவதோடு தொடர்புடையது, உறக்கத்தோடு அன்று. மத்தியாலவத்தையில் சாக்கிரத்துக்குள்ளேயே ஐந்து நிலைகளும் பேசப்படுகின்றன. அங்கும் பேசப்படுவது விழித்திருக்கும் உயிரின் அறிவு கூடியும் குறைந்தும் நிற்பதே. திருமந்திரத்தின் எட்டாம் தந்திரம் இப்பிரிவுகளை வெவ்வேறாக வைத்துப் பாடியிருக்க, மூன்று ஏணிகளின் படிகளைப் பிடுங்கி ஒன்றாக அடுக்குவது வாசிப்பாகாது.

சித்தாந்தத்துக்குக் கனவு எதற்குத் தேவைப்பட்டது என்பதைச் சிவஞானபோதத்தின் மூன்றாம், நான்காம் நூற்பாக்களைச் சேர்த்து வாசித்தால் காணலாம். புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிதல் நிகழ்கிறது. ஆகவே அறிவது உடலும் புலனும் அல்லாத வேறொன்று என்பது மூன்றாம் நூற்பாவின் ஏதுக்களுள் ஒன்று. அவ்வாறு வேறான உயிர் தானே விளங்கும் தன்மையதன்று, மலத்தால் மறைப்புண்டு கருவிகளின் துணையாலேயே அறிகிறது என்பதற்கு ஐந்தவத்தைப்படுதலைச் சான்றாக்குவது நான்காம் நூற்பா. கருவி குறையக் குறைய அறிவு குறைகிறது. உயிரின் சார்புத்தன்மையைக் காட்டும் வாதம் இது. கண்டத்தில் இறங்கும் உயிரை அங்கே விழிப்போடு நிறுத்துவது எப்படி என்பது மெய்கண்டாரின் வினாவே அன்று.

இன்னும் சொல்லப் போனால், நனவுவழிக் கனவு சித்தாந்தத்துக்குச் சான்றாக அமைவதைவிட ஒரு கடாவாகவே அமையும். பத்துக் கருவிகள் நீங்கிய பின்னும் ‘இது கனவு’ என்னும் தீர்ப்பும், முன்பே பேசிக்கொண்ட குறியின் நினைவும் நிற்குமானால், கருவிக்குறைவும் அறிவுக்குறைவும் ஒருசேர நிகழ்கின்றனவா என்று கேட்கலாம். கண்ணசைவுக் குறியைக் கொண்டு 25ஐ 26 ஆக்க முனைவது நகைப்புக்கிடமாகும். ஆனால் அந்தக்கரணங்கள் நான்கும் சொப்பனத்திலும் தொழிற்படுகின்றன என்று கொள்ளும் கொள்கைக்குள்ளேயே, தீர்ப்பிடும் புத்தி கனவில் வழக்கமாக ஏன் ஏமாறுகிறது, சிலபோது ஏன் ஏமாறுவதில்லை என்னும் வினாவுக்கு இடமிருக்கிறது. பழம்பெருமைப் பேச்சு மூடிவிடும் வினா இது. உரைமரபின் துணையோடு யாரேனும் எடுத்து ஆராயத் தக்கது.

லபெர்ஜ்-ரைன்கோல்டு நூல் தமிழாக்கம் பெறுமானால், நான்காம் இயலில் துரியம், சமாதி முதலிய சொற்களைப் பெயர்ப்பாளர் தவிர்ப்பது நன்று. நனவு, கனவு என்னும் இரண்டே போதும். ஒவ்வோர் உத்தியின் தலைப்பிலும், எத்தனை மணிநேரம் உறங்கி எழுந்தபின் செய்ய வேண்டியது என்பதையும் பெயர்ப்பாளர் குறித்துவிடலாம்.